பெயருக்குப் பின்னால் வயலின்: வெனிஸ் நகரத்து ஆன்னா மரியா

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



விழாக் குழு எங்களிடம் கேட்டது பெண் கல்வி பற்றிய ஓர் உரை. அதைப் பொதுவாகப் பேச எங்களைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே ஒரேயொரு பெண்ணை எடுத்துக்கொண்டோம். அவர் எங்கள் கல்லூரியில் படித்தவர் அல்லர். எங்கள் கல்லூரிக்கு அத்திவாரக் கல் வைக்க ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இருக்கும்போதே இறந்துபோனவர். ஆனால் அவரும் ஒரு பழைய மாணவிதான். படித்த இடத்திலேயே படிப்பித்து, அதே இடத்திலேயே கண்ணை மூடிய பழைய மாணவி. பெயர் ஆன்னா மரியா. ஊர் இத்தாலியின் வெனிஸ். பிறந்தது 1696 அளவில், இறந்தது 1782இல். வயலின் வாசித்தார், வயலின் படிப்பித்தார், ஓர் இசைக்குழுவை முன்னின்று நடத்தினார். நடத்துநர் என்றால் எங்களுக்கு பஸ்தான் ஞாபகம் வரும். இவர் வாத்தியங்களை நடத்தியவர்.

வைத்தியத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சங்கீதத்தில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். எங்களை இந்தக் கதைக்குள் இழுத்தது சங்கீதம் அல்ல, ஒரு சொல். ஆன்னா மரியா வளர்ந்த இடத்தின் பெயர் 'ஒஸ்பெதாலே தெல்லா பியெத்தா'. எங்கள் அம்மம்மாமார் வாய் நிறையச் சொன்ன 'ஆஸ்பத்திரி'யும் இந்த ஒஸ்பெதாலேயும் ஒரே வேரில் முளைத்தவை. பியெத்தா என்றால் இரக்கம். ஆக, இரக்கத்தின் ஆஸ்பத்திரி. ஆனால் அது நோயாளிகளுக்கான இடம் அல்ல. பெற்றவர்கள் கைவிட்ட குழந்தைகளை ஏற்று வளர்ப்பதற்காக 1346இல் ஒரு பிரான்சிஸ்கன் துறவியின் முயற்சியால் தொடங்கியது. அநாதைகளையும் நோயாளிகளையும் வறியவர்களையும் பராமரித்து, அதோடு சங்கீதத்துக்கும் பெயர் பெற்ற நான்கு நிலையங்கள் அந்த நகரத்தில் இருந்தன. பியெத்தா அவற்றில் ஒன்று.

அதன் சுவரில் ஒரு சிறிய மாடம் இருந்தது. பச்சைக் குழந்தையை மட்டும் வைக்கக்கூடிய அளவு. இரவில் யாரோ வருவார்கள், வைப்பார்கள், போய்விடுவார்கள். சில குழந்தைகளின் துணிக்குள் ஒரு பதக்கத்தின் பாதி இருக்கும். மற்றப் பாதி தாயிடம். என்றைக்காவது திரும்பி வந்து பொருத்திப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை. அந்தச் சுவரில் 1548ஆம் ஆண்டைச் சொல்லும் ஒரு கல்வெட்டும் உண்டு. வளர்க்க வசதி இருந்தும் பிள்ளையை இங்கே விட்டுப்போகிறவர்களுக்குச் சாபமும் திருச்சபையிலிருந்து விலக்கும் என்று அது எச்சரிக்கிறது. வசதி உள்ளவர்களும் விட்டுப்போனார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பிரசவ விடுதியில் பெயர் வைக்கும்வரை ஒரு குழந்தையைத் தாயின் பெயரைச் சொல்லி 'இன்னாருடைய பிள்ளை' என்றுதான் எழுதுவோம். அந்த இடத்தில் எழுத ஒன்றும் இல்லாத குழந்தைகளே பியெத்தாவுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஞானஸ்நானப் பெயர் மட்டும். தகப்பன் பெயர் இல்லை, குடும்பப் பெயர் இல்லை. ஒரே பெயரில் பலர் இருந்தால் எப்படிப் பிரித்தறிவது? சங்கீதம் படித்தவர்களை அவர்களுடைய வாத்தியத்தால் அழைத்தார்கள். 'ஆன்னா மரியா தல் வயலின்', அதாவது வயலின் ஆன்னா மரியா. மற்றவர்களுக்குத் தகப்பன் பெயர் வரும் இடத்தில் இவருக்கு வயலின் வந்தது.

ஆண் பிள்ளைகள் ஒரு தொழிலைப் பழகிப் பதின்ம வயதில் வெளியே போனார்கள். பெண் பிள்ளைகள் உள்ளேயே இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தையல், லேஸ் பின்னல், நூல் வேலை, நோயாளிகளைப் பார்ப்பது என்று நிலையத்தின் அன்றாட வேலைகளுக்குப் போனார்கள். குரலோ கையோ நன்றாக இருந்த சிறு தொகையினர் 'கோரோ' என்ற இசைக்குழுவுக்குத் தெரிவானார்கள். பாடகிகளும் வாத்தியக்காரிகளுமாக ஏறத்தாழ 40 பேர் வாசித்ததை அந்தக் காலப் பயணி ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க வந்தவர்களின் காணிக்கையில் நிலையம் நடந்தது. அதாவது, கைவிடப்பட்ட பிள்ளைகள் தங்களுக்குப் பின்னால் வரப்போகும் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர் வருகிறது. 1703ஆம் ஆண்டு செப்ரெம்பரில் 25 வயதான ஒரு பாதிரியார் வயலின் ஆசிரியராக நியமனமானார். அந்தோனியோ விவால்டி. செம்பட்டை முடி, ஊரார் 'சிவப்புப் பாதிரியார்' என்றார்கள். ஆண்டுக்கு 60 டுகாற் சம்பளம். ஆன்னா மரியாவுக்கு அப்போது ஏழு வயது இருக்கலாம்.

அதற்குப் பிறகு புத்தகங்கள் எல்லாம் அவரை 'விவால்டியின் மாணவி' என்றே எழுதுகின்றன. பொய் இல்லை. ஆனால் அந்த நிலையத்தின் நடைமுறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வந்த ஆண் ஆசிரியர்கள் ஒரு சிலர்தான். அவர்கள் இருக்கலாமா வேண்டாமா என்று நிர்வாகிகள் காலத்துக்குக் காலம் வாக்கெடுத்தார்கள். 1709இல் வாக்கு விவால்டிக்கு எதிராக விழுந்தது, வேலை போயிற்று. 1711இல் திரும்ப எடுத்தார்கள். பின்னர் ஒப்பராக்களுக்காக அவர் ஊர் ஊராகப் போனார். 1723இல் ஓர் ஒழுங்கு செய்தார்கள்: மாதம் இரண்டு கொன்செர்ட்டோ எழுதித் தர வேண்டும், வெனிஸில் இருக்கும் நாட்களில் வந்து பயிற்சி கொடுக்க வேண்டும். அப்படியானால் அவர் இல்லாத மாதங்களில் யார் படிப்பித்தார்கள்? எட்டு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து வில்லை நேராக்கியது யார்? அங்கேயே வளர்ந்து, அங்கேயே படித்து, 'மேஸ்த்ரா' என்ற பட்டம் பெற்ற பெண்கள். மூத்தவள் இளையவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள், அவள் அடுத்தவளுக்கு. விவால்டி வந்தபோது அந்தச் சங்கிலி ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. அவர் போன பிறகும் ஓடியது.

அவருடைய மேதைமையைக் குறைத்துச் சொல்வது எங்கள் நோக்கம் அல்ல. ஆனால் கடினமான இசையை எழுதுகிறவருக்கு அதை வாசிக்கும் கைகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நாளைக்கு எழுதினால் அடுத்த கிழமை கேட்டுப் பார்க்கக்கூடிய ஒரு குழு அவருக்கு இருந்தது. 1716இல் அவர் எழுதிய 'யூதித்தா திரியும்பான்ஸ்' என்ற இசை நாடகத்தில் ஹோலபர்னஸ் என்ற படைத்தளபதி உட்பட ஒவ்வொரு பாத்திரத்தையும் பெண்களே பாடினார்கள். எங்கள் கல்லூரி நாடக விழாக்களில் மீசை வரைந்துகொண்டு இராவணனாக நின்றவர்கள் இந்த மண்டபத்தில் குறைந்தது ஐந்து பேர் இருப்பார்கள், பெயர் சொல்லவில்லை.

ஆன்னா மரியாவை எண்ணி விவால்டி எழுதிய கொன்செர்ட்டோக்கள் இருபதுக்கும் மேல். வயலினோடு அவருக்குச் செலோ, லூட், தியோர்போ, மண்டலின், ஹாப்சிகோர்ட் எல்லாம் வாசிக்கத் தெரியும். வியோலா தமோரே என்ற வாத்தியமும் வாசித்தார். வில் படும் தந்திகளுக்குக் கீழே தாமாகவே கூட அதிரும் இன்னொரு வரிசைத் தந்திகள் அதில் உண்டு. 'அமோரே' என்றால் அன்பு. அந்த வாத்தியத்துக்காக எழுதிய இரண்டு கொன்செர்ட்டோக்களின் தலைப்பில் அந்தச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துக்களை மட்டும் விவால்டி பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார். அவை ஆன்னா, மரியா என்ற பெயர்களின் தலைப்பெழுத்துக்கள். சிலர் இதில் காதல் கதை தேடுகிறார்கள். ஓர் ஆசிரியர் தன் மாணவியின் திறமைக்கு வைத்த கையொப்பம் என்று எடுத்துக்கொள்வதே எங்களுக்குப் போதுமானதாகப் படுகிறது.

1737இல் அவர் வயலின் பிரிவுக்கும் முழு இசைக்குழுவுக்கும் பொறுப்பான மேஸ்த்ரா ஆனார். நாற்பது வயதளவு. இங்கே உள்ள பலருடைய வயது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1739இல், ஷார்ல் த புரோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் வெனிஸுக்கு வந்து இந்த நிலையங்களின் இசையைக் கேட்டுவிட்டுக் கடிதங்கள் எழுதினார். வெள்ளை உடுத்து, காதோரம் மாதுளம்பூச் செருகிய ஓர் இளம் பெண் குழுவை நடத்தித் தாளம் கொடுத்த நேர்த்தியை வியந்து எழுதியிருக்கிறார். வாத்திய இசையில் பியெத்தாவே முதலிடம் என்றும் சொல்லியிருக்கிறார். ஒரு பெண் முன்னே நிற்க, பெண்களே எல்லா வாத்தியங்களையும் வாசித்தது 1739இல். உலகப் புகழ்பெற்ற வியன்னா பில்ஹார்மோனிக் வாத்தியக்குழு ஒரு பெண்ணை முழு உறுப்பினராக ஏற்றுக்கொண்டது 1997இல். எங்கள் வகுப்பு குப்பி விளக்கில் உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் அது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தக் கம்பிகளைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. பியெத்தாவின் பெண்கள் கோவிலின் மேல்மாடத்தில், இரும்புப் பின்னல் தடுப்புக்குப் பின்னால் நின்று வாசித்தார்கள். கேட்பவர்களுக்கு நிழலுருவங்கள் மட்டுமே தெரியும். அவர்கள் துறவிகள் அல்லர், ஆனால் துறவிகளைப்போல அடைபட்டிருந்தார்கள். துணையோடு சில பயணங்கள், பிரபுக்களின் வீடுகளில் சில கச்சேரிகள். மற்றப்படி வாழ்வு முழுக்க அந்தச் சுவர்களுக்குள். கலியாணம் செய்து வெளியே போகலாம், சீதனமும் கொடுப்பார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: இனிப் பொதுவில் பாடுவதில்லை, வாசிப்பதில்லை என்று உறுதி எழுதிக்கொடுக்க வேண்டும். வயலினா வீடா என்று பத்தொன்பது இருபது வயதில் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். எங்களோடு அரங்கேற்றம் செய்த தோழிகளில் எத்தனை பேரின் வயலின் இப்போது அலுமாரிக்கு மேல் இருக்கிறது? அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

ரூசோ என்ற தத்துவ அறிஞரும் வெனிஸில் இருந்தார், 1743-44 காலத்தில். மென்டிகாந்தி என்ற இன்னொரு நிலையத்தின் பாட்டைக் கேட்டு மயங்கி, கம்பிக்குப் பின்னால் இருப்பவர்கள் தேவதைகள் என்று கற்பனை செய்து, அவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்று நச்சரித்தார். கடைசியில் அறிமுகம் செய்துவைத்தார்கள். ஒருத்தி பார்க்கச் சகிக்கவில்லை, ஒருத்திக்கு ஒரு கண், இன்னொருத்தியின் முகம் அம்மைத் தழும்பால் சிதைந்திருந்தது என்று தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதினார். பலர் இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியம்மை அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவின் வீடுகளை மாறி மாறித் தட்டிய நோய். ஜென்னரின் தடுப்பூசி 1796இல்தான் வந்தது. அந்த முகங்கள் உயிர் பிழைத்த முகங்கள். பிழைத்தது மட்டுமல்ல, பிரான்சிலிருந்து வந்த மனிதரை உருகவைக்கும் அளவுக்குப் பாடின. தொடர்ந்து பேசப் பேச அவர்களிடம் நல்ல குணம் கண்டு, ஏறத்தாழ எல்லோர் மீதும் அன்பு கொண்டுவிட்டதாக ரூசோவும் எழுதுகிறார். அந்த மட்டில் அவரை மன்னிக்கலாம்.

மூத்தவள் இளையவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்றோம் அல்லவா? இந்த ஊரில் அதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. சைக்கிள் கரியரில் அரிசியும் அப்பம்மாவும் ஏறிய பிறகு வயலினுக்கு இடம் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது சங்கீத அறையில் வயலின் பெட்டிகள் இருந்தன, வயலின்கள் இல்லை. சங்கீத ரீச்சர் தன்னுடைய சொந்த வயலினைப் பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரு வயலினுக்குப் பதினொரு பிள்ளைகள். தந்தி அறுந்தால் கொழும்பிலிருந்து யாராவது கொண்டுவரும்வரை மூன்று தந்தியில் சரளி வரிசை. ரீச்சருக்குப் பாடம் இருக்கும் நேரங்களில் உயர்தர வகுப்பு அக்காமார் இருவர் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பழக்கினார்கள். வயலின் கிடைக்காத பிள்ளைகள் அடிமட்டத்தை வில்லாகப் பிடித்துக் கை பழகினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் இன்று ரொறன்ரோவிலும் சிட்னியிலும் தங்கள் வீட்டு முன்னறைகளில் வகுப்பு எடுக்கிறார்கள்.

ஆனால் அந்த அக்காமாரின் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எங்கள் கல்லூரி வரலாற்றில் அதிபர்கள் எல்லோரும் படத்தோடும் ஆண்டோடும் இருக்கிறார்கள்; இருக்கத்தான் வேண்டும். சங்கீத வகுப்புக்கு நான்கு வரி. விவால்டியின் பெயர் நின்றதும் மேஸ்த்ராக்களின் பெயர் மங்கியதும் இப்படித்தான். வெனிஸ்காரர்களாவது கணக்குப் புத்தகமும் பதிவேடும் விடாமல் எழுதிவைத்தார்கள். அதனால்தான் இன்று ஆன்னா மரியாவைப் பற்றி இவ்வளவும் பேச முடிகிறது. எங்களுடைய பதிவேடுகளில் எத்தனை எரிந்தன, எத்தனை மழையில் ஊறின என்பது உங்களுக்குத் தெரியும். மிச்சம் இருப்பது எங்கள் ஞாபகங்கள். அவற்றுக்கும் வயது போகிறது. அதை வைத்தியர்களாகவே சொல்கிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வாசலில் பெயர் பதியும் மேசையில் ஒரு பெரிய கொப்பி வைத்திருக்கிறோம். உங்களுக்கு முதன்முதலில் வில் பிடிக்க, தையல் ஊசி கோர்க்க, வலைப்பந்து எறிய, கணக்குச் செய்யச் சொல்லிக்கொடுத்த அக்காவின் பெயரை அதில் எழுதுங்கள். முழுப் பெயர் தெரியாவிட்டால் நீங்கள் கூப்பிட்ட பெயர் போதும். 'வயலின் அக்கா' என்று மட்டும் எழுதினாலும் அவரை அடையாளம் கண்டு முழுப் பெயரைச் சேர்க்க இந்த மண்டபத்தில் யாராவது இருப்பார்கள். மலரை வெளிநாட்டில் வாசிப்பவர்கள் கடிதமாக அனுப்பலாம்.

ஆன்னா மரியாவின் மிச்சக் கதை நீண்டது, ஆனால் சத்தமில்லாதது. விவால்டி 1740இல் வெனிஸை விட்டுப் போனார், 1741இல் வியன்னாவில் வறுமையில் இறந்தார். சில ஆண்டுகளில் அவருடைய இசையைக் கேட்பார் இல்லாமல் போயிற்று. கையெழுத்துப் பிரதிகளின் பெரும் தொகுதி 1926இல் இத்தாலியின் ஒரு துறவியர் பாடசாலையிலிருந்து வெளிவரும்வரை அவரே மறக்கப்பட்டவர்தான். ஆன்னா மரியா அவருக்குப் பிறகு இன்னும் 41 ஆண்டுகள் இருந்தார். புதுக் கோவிலுக்கு 1745இல் கல் வைத்தார்கள், 1760இல் திறந்தார்கள். அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் 'விவால்டியின் கோவில்' என்று படம் பிடிப்பது அந்தக் கோவிலைத்தான். விவால்டி அதைக் கண்ணால் கண்டதில்லை. கண்டவர் ஆன்னா மரியா.

அவருடைய மாணவிகளில் ஒருவர் கியாரா. 1718இல், இரண்டு மாதக் குழந்தையாக பியெத்தாவுக்கு வந்தவர். த புரோஸ் தன் கடிதத்தில் இத்தாலியின் முதல் வரிசை வயலின்காரியாகப் புகழும் 'கியாரெத்தா' இவர்தான். அப்போது வயது 21. கியாராவின் இசைக் கொப்பி இன்றும் இருக்கிறது. அதிலிருந்து எடுத்து இசைத்தட்டும் வெளிவந்திருக்கிறது.

ஆன்னா மரியாவின் கொப்பியும் இருக்கிறது. வெனிஸ் இசைக் கல்லூரியில் பாதுகாக்கிறார்கள். சிவப்புத் தோல் அட்டை, அதில் பொன்னெழுத்தில் அவர் பெயர். உள்ளே ஏறத்தாழ முப்பது கொன்செர்ட்டோக்கள், ஆனால் அவர் வாசித்த வயலின் பகுதி மட்டும். மற்ற வாத்தியங்களின் தாள்கள் வேறு. சில கொன்செர்ட்டோக்களுக்கு அந்த மற்றத் தாள்கள் எங்கும் கிடைக்கவில்லை. தொலைபேசியில் ஒருவர் பேசுவது மட்டும் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. அந்த ஒற்றைக் குரலை வைத்துக்கொண்டு மற்றவர்கள் என்ன வாசித்திருப்பார்கள் என்று இசை ஆய்வாளர்கள் ஊகித்து எழுதி, மேடையிலும் வாசித்திருக்கிறார்கள்.

நேரம் போகிறது, விழாச் செயலாளர் கையைக் காட்டுகிறார். அடுத்ததாக எங்கள் மாணவிகள் மூவர் விவால்டியின் ஏ மைனர் கொன்செர்ட்டோவின் முதற்பகுதியை வாசிக்க இருக்கிறார்கள். மேற்கத்திய வயலின் படிக்கும் பிள்ளைகளில் அநேகமாக எல்லோருடைய கையிலும் ஒரு கட்டத்தில் வந்து சேரும் பாடம் அது. அச்சில் வந்தது 1711இல். ஆன்னா மரியாவுக்கு அப்போது பதினைந்து வயதளவு. மேடைக்குப் பின்னால் பிள்ளைகள் சுருதி சேர்ப்பது இங்கே கேட்கிறது. பெரியவள் மற்ற இருவருக்கும் ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.